கிளைவிட்ட நூல்

1991 நவம்பர் 20, புதன்கிழமை. ஸ்ரீபெரும்புதூரில் வாலாஜாபாத் சாலைத் திருப்பத்தில் உள்ள பன்னிரண்டு படுக்கை மருத்துவமனை ஒன்றில், பத்து நாள்களுக்குள் மூன்று நோயாளிகளின் முன்கை கறுத்திருந்தது. அவர்களில் எழுபது வயது விவசாயி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இறந்தார்.

மருத்துவமனையின் சொந்தக்காரர் டாக்டர் ரகுபதி இதைச் சொல்லி முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதே முக்கால். அவருக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் எழிலரசி உட்கார்ந்திருந்தாள். மற்றொன்று காலியாக இருந்தும் பாபு நின்றுகொண்டிருந்தான். அவன் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க ஈரம். தாம்பரத்தில் பேருந்து ஏறும்போது சன்னலோர இடத்துக்காக எழிலரசியிடம் வாதாடி ஜெயித்தவன் அவன். ஒரகடம் தாண்டியதும் அந்தச் சன்னல் வழியாக மழை உள்ளே வந்தது. எழிலரசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் பாபுவின் வருத்தம்.

எழிலரசிக்கு நாற்பத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, தாம்பரத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அந்த அலுவலகத்தின் மொத்தச் சிப்பந்தியும் பாபுதான். வயது முப்பத்து நாலு. வாலாஜாபாத்காரன், அம்மா வழியில் நெசவுக் குடும்பம். மூன்று வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கால் வலிக்கிறது என்று எழுந்து வந்தான். எழிலரசியின் பின்னால் ஆறு வருஷம் நடந்ததில் கால் வலி என்றால் உண்மையில் என்னவென்று தெரிந்துகொண்டான்.

டாக்டர் தன் சந்தேகத்தையும் சொன்னார். யாரோ குளுக்கோஸ் பாட்டிலில் எதையோ கலக்கிறார்கள். மூன்று பேருக்கும் பாட்டில் ஏற்றியது ஒரே நர்ஸ், ஜோதி. தீபாவளிக்கு நாலு நாள் லீவு கேட்டாள், அவர் தரவில்லை. அதிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்றிலிருந்து அவளை வார்டுக்குள் விடவில்லை.

"எவ்வளவோ ஆன்டிபயாடிக் மாத்திப் பாத்துட்டேன். கேக்கல. ரெண்டாவது பேஷன்ட் கிளியம்மாளுக்குக் கறுப்பு ஏறிக்கிட்டே வருது. காஞ்சிபுரத்துலேர்ந்து சர்ஜன் சாயங்காலம் நாலு மணிக்கு வர்றார். முழங்கைக்கு மேல எடுத்துடலாம்னு சொல்லிட்டார். இருபத்தாறு வயசுப் பொண்ணு. உள்ள போனது என்னன்னு தெரிஞ்சா மாத்து மருந்து பாக்கலாம். தெரியலன்னா கை போயிடும்."

"யார் கலந்தாங்கன்றது அப்புறம்," என்றாள் எழிலரசி. "என்ன கலந்ததுன்றது நாலு மணிக்குள்ள. அப்படித்தானே?"

டாக்டர் தலையசைத்தார். ஆறே கால் மணி நேரம் இருக்கிறது என்று பாபு கணக்குப் போட்டான். அதில் மதியச் சாப்பாடு சேருமா என்று கேட்க நினைத்து, டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டான்.

*

கிளியம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் இடது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரகடம் பக்கத்தில் மின்விசிறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் சிறு தொழிற்சாலையில் வேலை. பதினாறு வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். தீபாவளி லீவை ஈடுகட்ட இரட்டை ஷிப்ட் ஓடியதில் இரண்டு நாள் ஊசியை விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் வாந்தி, மூச்சிரைப்பு. லைனில் மயங்கி விழுந்தவளை சூப்பர்வைசர் கம்பெனி வேனில் போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை ஓரளவு இறங்கிக் கண் திறந்தபோது கையில் எரிச்சல். கட்டைப் பிரித்தால் கறுப்பு.

எழிலரசி தன்னைப் பற்றிச் சொன்னதும் கிளியம்மாள் பாபுவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரு போலீசா?"

"இல்ல."

"அதான பாத்தேன். போலீசு இப்டி நனையாது."

"எக்கா, பேஷன்ட்டுன்னு பாக்கறேன்," என்றான் பாபு.

"பாரு, பாரு. நாலு மணி வரிக்கும்தான் ரெண்டு கையோட பாப்ப." சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு எழிலரசியின் பக்கம் திரும்பினாள். இப்போது சிரிப்பு இல்லை. "காயில் சுத்தறதுக்கு ரெண்டு கை வோணும் மேடம். ஒண்ணு கம்பியப் புடிக்கும், ஒண்ணு சக்கரத்த ஓட்டும். வூட்ல நான் ஒருத்திதான் சம்பளம். வெட்றதுன்னா வெட்டட்டும், இன்னாத்துக்கு வெட்றாங்கன்னு தெரிஞ்சிகினு வெட்டட்டும்."

எழிலரசி துணியை விலக்கிப் பார்த்தாள். பாபுவுக்கு இந்த மாதிரிக் காட்சிகளில் கூரையைப் பார்க்கும் பழக்கம் உண்டு. பார்த்தான். கூரையில் விசேஷமாக ஒன்றும் இல்லை. திரும்பவும் கீழே பார்த்தபோது எழிலரசி பேருந்துச் சீட்டை நீளவாட்டில் மடித்து, தோலைத் தொடாமல் கறுப்பின் மேலாகப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்து முழங்கையை நோக்கி ஏறியிருந்தது அது. மேல் பக்கம் கரை கன்னாபின்னாவென்று பரவியிருந்தது. மணிக்கட்டுப் பக்கம் மட்டும் கோடு கிழித்த மாதிரி நேராக நின்றிருந்தது. அந்தக் கோட்டின் நீளத்தை நகத்தால் சீட்டில் குறித்துக்கொண்டாள்.

"ஊசி எங்க குத்தினாங்க?"

கிளியம்மாள் புறங்கையைக் காட்டினாள். அங்கே ஒரு சின்னத் தழும்பு. கறுப்பு இருந்தது முன்கையின் உள்பக்கம், கட்டிலில் படிந்து கிடக்கும் பக்கம்.

வராந்தாவுக்கு வந்ததும் எழிலரசி கேட்டாள், என்ன பார்த்தாய் என்று. கூரையைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பாபு சமாளித்தான்.

"திராவகம் மாதிரி எதுனா இருந்தா ஊசி குத்துன எடத்துலதான மேடம் வெந்து போவணும்? இது அடிப்பக்கம் கீது. அதும் ஸ்கேல் வெச்சிகினு கோடு போட்ட மாதிரி."

"கூரையில இவ்வளவு தெரிஞ்சுதா?" என்றாள் எழிலரசி.

*

பரிசோதனைக் கூடம் என்று பலகை மாட்டியிருந்த அறையில் ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஒரு முனிரத்தினம். ரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரில் சர்க்கரை, சளியில் டி.பி. கிருமி. இந்த மூன்றையும் பதினெட்டு வருஷமாகப் பார்த்துவரும் மனிதர். நாலாவதாக ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை.

மூன்று பேரின் புண்ணிலிருந்தும் எடுத்துப் பார்த்தீர்களா என்று எழிலரசி கேட்டாள். பார்த்தாராம். கிருமி அதிகம் இல்லையாம். அதுதான் ஆச்சரியம் என்றார்.

"வேற எதுவுமே இல்லையா?"

"ஒண்ணுமில்லம்மா. கட்டுத்துணியோட நூல்தான் ஒட்டிக்கிது. அந்த ஜோதிக்குச் சொன்னேன், புண்ணத் துடைக்கறப்ப நூல் ஒட்டாம எடுன்னு. மூணு பேருக்கும் நூல். கண்ணாடியத் துடைச்சிட்டு மறுபடி எடுத்தா மறுபடியும் நூல். ரிப்போர்ட்டுல எழுதவா முடியும்?"

கிளியம்மாளின் கண்ணாடித் துண்டை அவர் இன்னும் துடைக்கவில்லை. எழிலரசி குனிந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து, பாபுவின் தோளைப் பிடித்து அவனைக் குனிய வைத்தாள்.

வட்ட வெளிச்சத்துக்குள் அகலமான வெளிறிய பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. நாடா மாதிரி. பாபு நெடுநேரம் பார்த்தான். மூன்று வருஷம் தறியில் அவன் கற்றுக்கொண்டது அதிகமில்லை. ஆனால் அறுந்த இழையைத் தேடி எடுக்கத் தெரியும். ஓர் இழையின் முனையைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே பின்தொடர்ந்தான். அது பாதியில் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்ததில் ஒன்று மறுபடியும் பிரிந்தது.

"ஐயா, இது நூலா?"

"பின்ன?"

"நூல் கிளை வுடாதுங்க. அப்டி வுடும்னா எங்க தாத்தா ஒரு முழம் வாங்கியாந்து நட்டு வெச்சி, தண்ணி ஊத்திக்கினு சும்மா குந்தியிருப்பாரு."

முனிரத்தினம் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பாபுவைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்தார். திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"உசிரு இருக்கறதுதான் கிளை விடும்," என்றார் மெதுவாக.

*

டாக்டர் ரகுபதி மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்து பார்த்தார். பூஞ்சை என்றார். ரொட்டியில், ஊறுகாயில், ஈரச் சுவரில் பூக்கிறதே, அந்த ஜாதி. காற்றில் எங்கேயும் இருப்பதுதான். நல்ல உடம்பு அதைச் சட்டை செய்யாது. சர்க்கரை தலைக்கு மேல் ஏறி ரத்தம் புளித்துப் போன உடம்பு கிடைத்தால், அது சதைக்குள் இறங்கி ரத்தக் குழாயை அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை கறுத்துச் சாகும். மூக்கில் வரும், கண்ணுக்கு ஏறும் என்று படித்திருக்கிறார். கையில் வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தான் கொடுத்த மருந்து எல்லாம் கிருமிக்கானது, பூஞ்சைக்கு அதனால் நகக்கண்கூட வலித்திருக்காது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அடுத்த நிமிஷமே பழைய சந்தேகத்துக்குத் திரும்பினார். "அப்ப பாட்டில்ல பூஞ்சையக் கலந்திருக்கா."

"பாட்டில்தான்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"மூணு பேருக்கும் பொதுவா இருக்கறது அதுதானே? கேஸ் ஷீட்ட எடுத்துப் பாருங்க. மூணுலயும் ஜோதி கையெழுத்து."

மூன்றாவது நோயாளி அண்ணாதுரை லாரி டிரைவர். சுங்குவார்சத்திரத்தில் மொபெட் சறுக்கி விழுந்து, மணிக்கட்டு பிசகி, முன்கையெல்லாம் சிராய்ப்போடு வந்தவர். சர்க்கரையும் உண்டு. தலைசுற்றலுக்கு ஒரு பாட்டில் ஏற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். முந்தாநாள் சிராய்ப்புக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பு தெரிந்தது.

ஆறடி உயரம், காதைத் தொடும் மீசை. எழிலரசி கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். பாட்டில் ஏற்றினார்கள். ஆமாம். வலித்ததா? இல்லை. எந்தக் கை? இது. இல்லை, அது.

அப்போது ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு பெண் கட்டிலைக் கடந்து போனாள். அண்ணாதுரை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டு போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பினார். மீசை நுனி லேசாக நடுங்கியதை பாபு பார்த்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் காதருகே உட்கார்ந்தான்.

"அண்ணாத்தே, எனக்கும் ஊசின்னா ஆவாது. போலியோ சொட்டு மருந்துன்னதும் சந்தோஷப்பட்ட ஆளு நானு. அதுக்கு வயசு தாண்டிப் போச்சு."

அண்ணாதுரை கதவைப் பார்த்தார். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"வெளிய சொல்லிடாத தம்பி. தார் ரோட்ல எத்தினி ஆக்சிடென்ட் பாத்திருக்கேன், ஒண்ணும் ஆவாது. ஊசி மொனைய பாத்தா காலு ரெண்டும் இல்லாத மாதிரி ஆயிடுது. அந்த ஜோதிப் பொண்ணு கையில கால்ல வியுந்து கேட்டேன். போனாப் போவுதுன்னு மூணு டம்ளர் உப்பு போட்ட மோரு குடுத்திச்சி. பாட்டில் ஏத்தல."

பாபு எழுந்து நின்று எழிலரசியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே அண்ணாதுரையின் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிராய்ப்பு இருந்தது. ஊசி குத்திய அடையாளம் எங்கேயும் இல்லை.

ஜோதி நர்சுகள் அறையில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்தே அப்படித்தான். கேட்டதும் ஒப்புக்கொண்டாள். ஏற்றாத பாட்டிலை ஏற்றியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டது தப்புதான். தெரிந்தால் வேலை போய்விடும் என்று சொல்லாமல் இருந்தாள். மற்ற இரண்டு பேருக்கும் பாட்டில் ஏற்றினாள், அதில் எதையும் கலக்கவில்லை. இதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

"நீங்க அந்தப் பொய்ய நேத்தே ஒத்துக்கிட்டிருந்தா கிளியம்மாளுக்கு ஒரு நாள் மிச்சமாயிருக்கும்," என்றாள் எழிலரசி. கடிந்துகொள்ளும் குரல் இல்லை. ஆனாலும் ஜோதி அழ ஆரம்பித்தாள். எழிலரசி அவள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள், பாட்டிலே ஏறாத அண்ணாதுரையின் கைக்கும் பாட்டில் ஏறிய மற்ற இரண்டு கைகளுக்கும் பொதுவாக என்ன செய்தாய் என்று.

ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "கை ஆடாம இருக்க அட்டை வெச்சுக் கட்டினேன். எல்லாருக்கும் கட்றதுதான்."

அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். முழ நீளம், நாலு விரல் அகலம். உள்ளே அட்டை, மேலே வெள்ளைக் கட்டுத்துணி சுற்றித் தைத்திருந்தது. கோயில் குருக்கள் வேட்டி மாதிரி மொடமொடவென்று இருந்தது. எழிலரசி மடித்த பேருந்துச் சீட்டை அதன் முனையில் வைத்தாள். சீட்டில் குறித்திருந்த நீளம் அட்டையின் அகலத்தோடு இம்மி பிசகாமல் பொருந்தியது.

"தீபாவளிக்கு அப்புறம் எத்தனை பேருக்குக் கட்டினீங்க?"

"பதினோரு பேர் இருக்கும் மேடம்."

"அதில சர்க்கரை உள்ளவங்க?"

ஜோதி விரல் விட்டு எண்ணினாள். மூன்றாவது விரலில் நிறுத்திக்கொண்டாள்.

*

அட்டைகளைச் செய்பவள் சந்திரம்மாள். வார்டு ஆயா. ஐம்பத்தைந்து வயது, நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக் குங்குமம், இடுப்பில் செருகிய முந்தானை. மருத்துவமனையின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட துவைக்கும் கொட்டகைதான் அவள் ராஜ்ஜியம். மழை தகரத்தின் மேல் அடித்த சத்தத்தில் அவள் உரக்கப் பேசினாள். அட்டையைப் பற்றிக் கேட்க ஆட்கள் வந்ததில் அவளுக்குப் பெருமைதான்.

குளுக்கோஸ் பாட்டில் வருகிற அட்டைப் பெட்டியை வெட்டுவாள். இரண்டு துண்டை ஒன்றாக வைத்துத் துணி சுற்றித் தைப்பாள். கடையில் வாங்கும் மரப்பலகையெல்லாம் எதற்கு? இரண்டு வருஷமாக இப்படித்தான். இந்தத் தீபாவளிக்கு எல்லார் முன்னிலையிலும் டாக்டர் அவளுக்கு ஒரு புடவை கொடுத்து, சிக்கனத்தை இவளிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேசியிருக்கிறார். அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தாள்.

"ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகல. இந்த மழைக்கு என்ன மாத்தினீங்க?" என்று கேட்டாள் எழிலரசி.

"அத்த இன்னான்னு சொல்றது. மழ புடிச்சதும் அட்ட நமுத்துப் பூடுச்சி. தொளதொளன்னு கீதேன்னு டாக்டர் ஐயா ஒரு வார்த்த சொன்னாரு. எனக்கு ரோசம் வந்துட்ச்சி. நோயாளிங்களுக்குக் காச்சற கஞ்சி தெனமும் மீறுது. துணிக்குப் போடலியா? அதுல முக்கி எடுத்து, மேல இஸ்திரி போட்டேன். பாரேன், பலக மாதிரி நிக்குது."

"வெயில் இல்லாம எப்படிக் காய வெக்கறீங்க?"

சந்திரம்மாள் கையைக் காட்டினாள். கொட்டகையின் மூலையில், சுவரோரமாக, இரண்டு அடுக்காக இருபது முப்பது அட்டைகள். மேலே ஒரு பழைய போர்வை.

பாபு பேனாக்கத்தியை எடுத்து ஒன்றைக் கிழித்தான். துணி வெள்ளையாகத்தான் இருந்தது. இஸ்திரி போட்ட மினுமினுப்புக்கூட இருந்தது. துணிக்கு அடியில் கஞ்சி குடித்து உப்பிய அட்டை, அதன் நெளிவுகளுக்குள் சாம்பல் நிறப் பஞ்சு. பஞ்சின் மேல் கடுகு தூவிய மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். பழைய ரொட்டி வாடை அடித்தது. அடுத்ததைக் கிழித்தான். அதற்கடுத்ததை. பேசுவதற்கு நாலைந்து வேடிக்கையான வாக்கியங்கள் அவன் நாக்கு வரைக்கும் வந்தன. சந்திரம்மாளின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் விழுங்கினான்.

அவள் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். "அந்தப் பெரியவரு..." என்றாள். பிறகு கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எழிலரசி அவள் பக்கத்தில் ஈரத்தரையில் குந்தினாள். இதை யாரும் விஷம் என்று சொல்லப் போவதில்லை, இப்போது செய்ய வேண்டியது எல்லா அட்டையையும் எடுத்துக் கொளுத்துவது, அதை நீங்களே செய்யுங்கள் என்றாள். ஒன்றை மட்டும் டாக்டரிடம் காட்ட எடுத்துக்கொண்டாள்.

மாடியறையில் டாக்டர் ரகுபதி, பாபு கிழித்த அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"ஆளக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ரெண்டு பேர் டாக்டர். ஒருத்தங்க கஞ்சி போட்டாங்க. இன்னொருத்தர் தொளதொளன்னு இருக்குன்னு குறை சொல்லிட்டு, அப்புறம் புடவை கொடுத்தார்."

டாக்டருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் தொலைபேசியை எடுத்தார்.

*

சென்னையில் அவருக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். மணி பன்னிரண்டு இருபதுக்கு லைன் கிடைத்தது. பேராசிரியர் நோயாளியைப் பற்றி இரண்டே வார்த்தை கேட்டுவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தவரைக் கூப்பிடச் சொன்னார். முனிரத்தினம் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கிளை எப்படிப் பிரிகிறது, விரல் மாதிரிச் சாய்வாகவா, தெருமுனை மாதிரி நேராகவா என்று கேட்டார் பேராசிரியர். தெருமுனை மாதிரி என்றார் முனிரத்தினம். நடுவில் மூங்கிலுக்கு இருப்பது போலக் கணுக் கணுவாகத் தடுப்பு இருக்கிறதா? இல்லை, ஒரே நீளக் குழாய் மாதிரி இருக்கிறது. அகலம் ஒரே சீராக இருக்கிறதா? இல்லை, நாடா முறுக்கிக்கொண்ட மாதிரி.

பேராசிரியர் டாக்டரைக் கூப்பிட்டு, ரத்தக் குழாயை அடைக்கும் அந்தப் பூஞ்சையேதான் என்று உறுதிப்படுத்தி, மூன்று காரியம் சொன்னார். சர்க்கரையை இறக்கு. செத்த சதையை இன்றைக்கே வெட்டி எடு. ஆம்போடெரிசின் மருந்தை உடனே ஆரம்பி. தாம்பரத்தில் ஒரு மருந்து ஏஜென்சியிடம் இருக்கிறது, நான் சொல்லி வைக்கிறேன், பனிக்கட்டியில் வைத்து எடுத்து வரணும். உப்புநீர்ப் பாட்டிலில் கலந்துவிடாதே, தயிர் மாதிரித் திரிந்துவிடும், குளுக்கோஸில்தான் கலக்கணும். பாட்டிலுக்குக் கறுப்புக் காகிதம் சுற்று. முதலில் துளியூண்டு கொடுத்துப் பார். குளிர் நடுக்கம் வரும், பயப்படாதே. சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்குப் பயப்படு, தினமும் ரத்தம் பார்.

டாக்டரின் ஸ்கூட்டரையும் ஒரு பிளாஸ்க்கையும் கொடுத்து பாபுவை அனுப்பினார்கள். மழைக்கோட்டு டாக்டருடையது. முழங்காலுக்குக் கீழே தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. படப்பையில் முழங்கால் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். தாம்பரத்தில் மஞ்சள் பொடி அடைத்த குப்பிகள் எட்டு கிடைத்தன. மதியச் சாப்பாடு அந்தப் பிளாஸ்க்கிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்ட ஒரு பனிக்கட்டித் துண்டு.

அவன் திரும்பியபோது மணி நாலே கால். காஞ்சிபுரம் சர்ஜன் மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டிருந்தார். ஆபரேஷன் அறை வாசலில் எழிலரசி அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக் கதைகள் சொல்லி நேரம் கடத்தியிருக்கிறாள் என்று பாபுவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் கதைகளை அவன் நாற்பது தடவை கேட்டிருக்கிறான். சர்ஜன் இப்போதுதான் முதல் தடவை கேட்கிறார், அதனால் ரசித்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்க்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. முனிரத்தினத்தின் கண்ணாடித் துண்டை ஏற்கெனவே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார். முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டால் உயிருக்கு நிச்சயம், விட்டு வைத்தால் இரண்டுமே போகலாம் என்றார். முடிவைக் கிளியம்மாள்தான் சொல்ல வேண்டும்.

தள்ளுவண்டியில் படுத்திருந்த கிளியம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். "இன்னாது அது?" என்று ஒரு கேள்வி கேட்டாள். எழிலரசி சொன்னாள். கஞ்சி, அட்டை, பூசணம். கிளியம்மாள் கண்ணை மூடித் திறந்தாள்.

"டாக்டரு, கறுப்ப மட்டும் எடுங்க. உள்ள ரத்தம் வந்தா நிறுத்திடுங்க."

"வரலன்னா?"

"வரலன்னா என்னிய எழுப்பிக் கேட்டுகினு இருக்காதீங்க. எடுத்துடுங்க."

கதவைச் சாத்தினார்கள். பாபு பெஞ்சில் உட்கார்ந்தான். கால்சட்டை இப்போது முன்பக்கமும் நனைந்திருந்தது. எழிலரசி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து இரண்டு பன் எடுத்து ஒன்றை நீட்டினாள். பாபு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னிக்கிப் போட்டதுதான், சாப்பிடு," என்றாள்.

"கிளை கிளையா எதுனா தெரியுதான்னு பாத்தேன் மேடம்."

சாப்பிட்டான். ஐம்பது நிமிஷம் கழித்து, ஆபரேஷனுக்கு உதவப் போயிருந்த ஜோதி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தோலும் அதன் அடியில் மேல் சதையும் போய்விட்டன என்றாள். அதற்குக் கீழே வெட்டிய இடத்தில் ரத்தம் வந்தது. சர்ஜன் நிறுத்திவிட்டார். எலும்பு வரை போகவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குக் கறுப்புக் காகிதம் சுற்றிய முதல் பாட்டில் ஏறியது. கிளியம்மாளுக்குக் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வந்து, இரண்டு மணி நேரத்தில் நின்றது. அண்ணாதுரைக்கும் அதே மருந்து ஊசி வழியாகத்தான் போக வேண்டும் என்று சொன்னார்கள். ஊசியைப் பார்க்கும் முன்பே அவர் மயங்கிவிட்டதால் குத்துவது சுலபமாக இருந்தது. பழைய அட்டைகள் எரிந்த சாம்பலைச் சந்திரம்மாள் தானே வாரிக் கொட்டினாள். மறுநாளிலிருந்து கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பலகைகள் வந்தன. ஜோதியை வார்டுக்குத் திரும்ப அழைத்தார்கள். கேஸ் ஷீட்டில் பொய் எழுதியதற்கு ஒரு மெமோ கொடுத்தார்கள்.

கிளியம்மாளுக்கு மருந்து ஐந்து வாரம் ஏறியது. நடுவில் சிறுநீரகம் தளர்ந்ததால் நாலு நாள் நிறுத்தி மறுபடி தொடர்ந்தார்கள். இன்னும் ஒரு தடவை வெட்டினார்கள், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். 1992 பிப்ரவரி 10, திங்கட்கிழமை, அவள் முதல் ஷிப்டில் வேலைக்குத் திரும்பினாள். இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் முழுதாக மடங்கவில்லை. அவளைக் காயில் சுற்றும் லைனிலிருந்து சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.